ஆபரேட்டர் இருபத்திரண்டின் ஒரே பிழை

அந்த வருஷம் கேசோன் சிட்டியில் கிதார் இல்லாத வீடு கிடையாது. அதைச் சுதி சேர்த்து வாசிக்கத் தெரிந்த வீட்டைத்தான் தேட வேண்டியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. ஒரு தெருவில் நாலு பையன்கள் சேர்ந்து நின்றால் போதும், சாயங்காலத்துக்குள் ஒரு பேண்டு பிறந்துவிடும். எல்லோருக்கும் கட்டம் போட்ட சட்டை, தோளைத் தொடும் முடி, வேலை வெட்டி இல்லாத முகம். ஜீப்னியில் ஏறினால் டிரைவர் தலைக்கு மேலிருந்து பேண்டுப் பாட்டு. காலையில் பாண்டெசால் ரொட்டி வாங்க நின்றால் மாவு பிசைகிறவன் வாயிலும் அதே பாட்டு. காதலைச் சொல்ல நாக்கு எழாதவர்களுக்கெல்லாம் யாரோ ஒருவன் மூன்று நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சொல்லிக் கொடுத்ததை உரியவர்களிடம் கொண்டுசேர்ப்பது ரொவேனாவின் வேலை.

மாயா பேஜிங் கம்பெனியின் மூன்றாம் மாடி ஹாலில் முப்பது பெண்கள் காதில் ஹெட்செட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் அவள் ஆபரேட்டர் இருபத்திரண்டு. வயது பத்தொன்பது. இடுப்பில் பேஜர் செருகியிருக்கிற யாருக்குச் செய்தி போக வேண்டுமானாலும் அது இந்த ஹால் வழியாகத்தான் போக வேண்டும். கூப்பிடுகிறவர் சொல்லச் சொல்ல ஆபரேட்டர் தட்டுவாள். எண்பது எழுத்துக்குள் அடக்க வேண்டும். அனுப்புவதற்கு முன்னால், தட்டியதை ஒரு சொல் மாறாமல் வாய்விட்டுத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். கூத்தெல்லாம் அங்கேதான்.

"'என் செல்லப் பன்னிக்குட்டி, நேத்து உர்ருன்னு இருந்ததுக்கு மன்னிச்சிடு. ஆயிரம் முத்தம். இப்படிக்கு உன் பூதம்.' சரிங்களா சார்? அனுப்பிடலாமா?"

இதைச் சிரிக்காமல் படிக்க வேண்டும். புதிதாக வந்த பெண்கள் மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு குலுங்குவார்கள். ரொவேனா மட்டும் மளிகைச் சீட்டு வாசிப்பதுபோலப் படித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பாள். சேர்ந்ததிலிருந்து ஒரு பிழைகூட இல்லை. சூப்பர்வைசர் கோனி மேடத்தின் மேஜைக்குப் பின்னாலிருந்த பலகையில் ஒவ்வொரு எண்ணுக்கு நேரேயும் பிழைகளின் கணக்கு இருக்கும். இருபத்திரண்டுக்கு நேரே ஒரு சுழி, பளிச்சென்று.

அந்தச் சுழிதான் அவளுக்குச் சொத்து. ஐந்து மாத ஒப்பந்தம் ஆகஸ்ட் பத்தாம் தேதி, சனிக்கிழமை முடிகிறது. முடிந்தால் முடிந்ததுதான், அந்த நாற்காலிக்கு வேறு பெண் வந்துவிடுவாள். மத்தியானத்தில் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கோனி மேடம் கையெழுத்துப் போட்ட நற்சான்றிதழ் வேண்டும். வாடிக்கையாளரிடம் பெயரைச் சொன்னாலோ, ஊர்க்கதை பேசினாலோ அந்தக் கடிதமே கிடைக்காது. கோனி மேடம் எந்த நேரத்தில் யாருடைய லைனில் நுழைந்து கேட்டுக்கொண்டிருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

ஜூன் மாதம், கல்லூரிகள் திறந்த வாரம், காலை பத்தேகால் மணிக்கு அந்த அழைப்பு வந்தது. பொதுத் தொலைபேசியில் காசு விழும் சத்தம். பின்னால் ஜீப்னி ஹாரன்.

பேஜர் எண்ணைச் சொன்னான். திரையில் பேஜர்காரரின் பெயர் வந்தது: லூர்தெஸ் மகலோனா.

"செய்தி சொல்லுங்க சார்."

"உன் கண்கள் இரண்டு நட்சத்திரம், அதைப் பார்த்து வழி தவறிய கப்பல் நான்."

ரொவேனா தட்டினாள். படித்துக் காட்டினாள்.

"மிஸ், இன்னொரு தடவ படிங்க."

படித்தாள்.

"சே! கேவலமா இருக்கு."

"சார்?"

"உங்கள சொல்லல மிஸ். நீங்க நல்லாத்தான் படிக்கறீங்க. வரிதான் கேவலம். வேணாம், கேன்சல் பண்ணிடுங்க."

போனை வைத்துவிட்டான். ரொவேனா தட்டியதை அழித்தாள். மூன்று மாதத்தில் எத்தனையோ கண்களை நட்சத்திரமாகவும் நிலாவாகவும் அனுப்பியிருக்கிறாள். கேட்ட பிறகு வெட்கப்பட்டவன் இவன் ஒருவன்தான்.

மறுநாளும் அதே பத்தேகாலுக்கு வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். அழைப்பு எந்த ஆபரேட்டருக்குப் போகும் என்பது யார் கையிலும் இல்லை. யார் காலியாக இருக்கிறாளோ அவளுக்குப் போகும். வேறு யாராவது எடுத்தால், "மன்னிக்கணும், ராங் நம்பர்" என்று வைத்துவிட்டு மறுபடி சுற்றுவான். சில நாள் ஆறு ஏழு தடவை. இரண்டு வாரத்தில் ஹாலுக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

"அடியே வெங்," என்பாள் ரொவேனாவிடம் பக்கத்து நாற்காலி க்ளோ அக்கா. முப்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய், இருபத்திமூன்றாம் எண். "உன் ராங் நம்பர் வந்தாச்சு. இப்பதான் எனக்கு வந்துச்சு. என் குரலக் கேட்டதும் சூடு பட்ட மாதிரி வெச்சிட்டான்."

"என் ராங் நம்பர் ஒண்ணும் இல்ல அக்கா. லூர்தெஸோட ராங் நம்பர்."

"யாருடி அந்த லூர்தெஸ்?"

"எனக்கென்ன தெரியும். அதிர்ஷ்டக்காரி."

அதைச் சொல்லும்போது தன் குரலில் இருந்த புளிப்பு அவளுக்கே கேட்டது.

அவன் பேசுகிற ஆள். இவள் "சரிங்க சார்", "சொல்லுங்க சார்" தவிர வேறு எதுவும் சொல்லக்கூடாது, ஆனால் அவன் சொல்வதைக் கேட்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. அப்படித்தான் தெரிந்தது: பெயர் எட்ஸெல். பேண்டில் டிரம்ஸ். பாட்டு எழுதுவதும் அவன் தலையில்தான் விழுந்திருக்கிறது. வானொலி ஒன்று கல்லூரி பேண்டுகளுக்குப் போட்டி வைத்திருக்கிறது, சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். ஆகஸ்ட் பதினோராம் தேதிக்குள் பாட்டு தயாராக வேண்டும்.

"ஒண்ணு கவனிச்சீங்களா மிஸ்? நீங்க திருப்பிப் படிக்கும்போது எங்கேயாவது லேசா இழுப்பீங்க. இழுத்த இடத்த வீட்டுக்குப் போய்ப் பாப்பேன். சரியா அங்கதான் பொய் இருக்கும்."

"செய்தி சொல்லுங்க சார்."

"பாத்தீங்களா, இதுகூட இழுக்குது."

தான் இழுப்பது ரொவேனாவுக்கே அதுவரை தெரியாது. அன்று ராத்திரி போர்டிங் ஹவுஸில் நாலு பேருக்குப் பொதுவான டேப் ரிக்கார்டரில் தன் முறை வந்தபோது, பாட்டைக் கேட்காமல் படுத்து யோசித்தாள். வேகமாகப் படிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா? பிழையில்லாமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் அவள் தெரிந்தே இழுக்க ஆரம்பித்தாள். 'என் உயிரே' வந்தால் உயிர் போகிற மாதிரி இழுப்பாள். 'தேவதை' வந்தால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு படிப்பாள். மறுநாள் அந்தச் சொல் காணாமல் போயிருக்கும். நல்ல வரி வந்தால் வழுக்கிக்கொண்டு போகும் குரலில் படிப்பாள். உடனே அவன், "அனுப்புங்க மிஸ், அனுப்புங்க!" என்று கத்துவான்.

இப்படியே ஜூலை முழுவதும் ஒரு பாட்டு வளர்ந்தது. நட்சத்திரமும் கப்பலும் கழன்று விழுந்தன. பதிலுக்கு வேறு வரிகள் வந்தன:

*ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவன்போல்
உன் எதிரே என் பெயரை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.*

அதைத் திருப்பிப் படித்த அன்றும் ரொவேனாவுக்கு ஒரு எழுத்து தவறவில்லை. அனுப்பிவிட்டு, கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கொடுத்துவைத்த லூர்தெஸ். தினமும் இடுப்பில் இந்தப் பாட்டு துடிக்கிறதே, அவளுக்கு அடுப்பில் சோறு பொங்குவதாவது தெரியுமா?

தெரிந்தது ஆகஸ்ட் முதல் வாரத்தில்.

"மாயா பேஜிங், காலை வணக்கம், ஆபரேட்டர் இருபத்திரண்டு."

"என்னடி வணக்கம்! எவன்டி அவன்?" என்றது ஒரு பெண்குரல். ஐம்பது வயதுக்குக் குறையாத, மீன் சந்தையில் பழகிய குரல். "நான் லூர்தெஸ் மகலோனா. என் பேஜருக்குத் தினமும் ஒருத்தன் குடை, மழை, உன் எதிரே நிக்கிறேன்னு அனுப்பறான். மொத்த வியாபாரத்துக்கு வாங்குன பேஜர் இது! திலாப்பியா எத்தன கிலோன்னு வர வேண்டிய எடத்துல காதல் கவிதை வருது!"

"மன்னிக்கணும் மேடம், புகாரப் பதிஞ்சுக்கறேன்..."

"நல்லாப் பதிஞ்சுக்கோ! என் வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் கழிச்சு நேத்துதான் சவூதியிலேர்ந்து லீவுல வந்திருக்காரு. வந்த மனுஷன் ஒரு வாய் காபி குடிக்கல, அதுக்குள்ள பேஜர் கத்துது. எடுத்துப் படிக்கறாரு. 'லூர்தெஸ், உன் எதிரே எவன்டி குடையோட நிக்கிறான்?'னு கேக்கறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

பின்னாலிருந்து ஒரு பையனின் குரல் கெஞ்சியது. "அம்மா, அது எங்க எட்ஸெல்மா. பேண்டுல நான் பாடப்போற பாட்டுமா. எழுதி வைக்க நோட்டு இல்லாம நம்ம பேஜர்ல சேத்து வைக்கிறான்மா. வரி தோணும்போது அவன் கைல பேனா இருக்காது..."

"நோட்டு இல்லையா? ரெண்டு கன்னத்துலயும் எழுதறேன், வரச்சொல்லு அவன!"

பொதுவாக இப்படித் திட்டு வாங்கினால் ஆபரேட்டர்கள் அழுதுவிடுவார்கள். ரொவேனாவோ புகார்ப் படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டு, "நன்றி மேடம், ரொம்ப நன்றி மேடம்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

"என்னடி, மூஞ்சி இப்படி ஜொலிக்குது?" என்றாள் க்ளோ அக்கா. "லாட்டரியா?"

"அக்கா, லூர்தெஸுக்கு அம்பது வயசு. மீன் வியாபாரம். பேண்டுல பாடற பையனோட அம்மா."

"அப்போ பாட்டு யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. நோட்டுப் புத்தகமா வெச்சிருந்திருக்கான்."

க்ளோ அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நோட்டுப் புத்தகத்துல எழுதறவன் எதுக்குடி முப்பது பேர்ல உன்னையே தேடிப் பிடிச்சு எழுதறான்?"

ஆனால் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. கோனி மேடம் அவளைக் கூப்பிட்டார். நரைத்த கொண்டை, கழுத்தில் ஜெபமாலை, கையில் எப்போதும் சிவப்புப் பேனா.

"இந்த எட்ஸெல். அந்த லூர்தெஸ் நம்பருக்கு இனிமே இவன்கிட்டேர்ந்து எதுவும் போகக்கூடாது. இவன் கூப்பிட்டா யார் எடுத்தாலும் நான் கேப்பேன். உனக்குச் சனிக்கிழமையோட முடியுதில்ல?"

"ஆமா மேடம்."

"அஞ்சு மாசம் சுழியாவே வெச்சிருக்க. கடைசி வாரத்துல கோட்டை விட்டுடாத."

திங்கள் போனது. செவ்வாய் போனது. பத்தேகால் வரும், போகும். எட்ஸெல் கூப்பிடவில்லை. புதன்கிழமை ரொவேனா பத்தரை மணிவரை மற்றவர்களின் லைன்களிலும் ஒரு காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு அவள் ஓர் எண். சனிக்கிழமைக்குப் பிறகு அந்த எண் வேறொருத்தி. அவன் கூப்பிட்டாலும் வேறு குரல் வரும். கல்லூரி எது என்றுகூட அவன் சொல்லவில்லை. மீன்கார அம்மாளின் முகவரி புகார்ப் படிவத்தில் இருக்கிறது, ஆனால் அதை எடுத்துக்கொண்டு போனால் கடிதம் இல்லை, ஹோட்டல் இல்லை. தவிர அந்த அம்மாளின் கையில் கத்தி வேறு இருக்கும்.

வியாழக்கிழமை அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவன் கூப்பிட்டான். எடுத்தது க்ளோ அக்கா.

"ராங் நம்பர்..." என்று ஆரம்பித்தான்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் க்ளோ அக்கா, விமான நிலையத்தில் அறிவிப்பவள் மாதிரி. தன் மேஜையில் கோனி மேடம் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது. "வாடிக்கையாளர்களுக்கு ஒரு அறிவிப்பு. பத்தொன்பதுலேர்ந்து இருபத்திரண்டு வரைக்குமான எண்கள்ல சனிக்கிழமையோட ஆபரேட்டர்கள் மாறறாங்க. எங்க சேவையத் தொடர்ந்து பயன்படுத்துங்க. நன்றி சார்."

அப்படி ஓர் அறிவிப்பு கம்பெனி வரலாற்றிலேயே கிடையாது. ஆனால் அதில் பெயர் இல்லை, ஊர்க்கதை இல்லை, அந்த நாலு பேரின் ஒப்பந்தமும் ஒரே நாளில் முடிவதால் பொய்யும் இல்லை. கோனி மேடம் பேனாவை எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், கீழே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு ரொவேனாவின் லைனே அடித்தது. காசு விழும் சத்தம்.

"ஆபரேட்டர் இருபத்திரண்டா?"

"ஆமாங்க சார்." தலையைத் திருப்பாமலே தெரிந்தது, கோனி மேடம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவளையே பார்க்கிறார். "பேஜர் நம்பர் சொல்லுங்க."

புது எண் ஒன்றைச் சொன்னான். திரையில் பெயர் வந்தது: ஃபாதர் பெனிக்னோ அல்கராஸ், சான் இசித்ரோ சர்ச்.

"ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன் மிஸ். சர்ச் ஹால்லதான் பிராக்டிஸ் பண்றோம். 'கெட்ட வார்த்தை இல்லன்னா அனுப்பிக்கோ'ன்னார். இதுதான் கடைசி வரி."

"செய்தி சொல்லுங்க சார்."

அவன் மெதுவாகச் சொன்னான். அவள் தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கு ஏறியது. திருப்பிப் படித்தாக வேண்டும், மேடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"'முகம் தெரியாத ஒருத்திக்கு, ஊரில் இருக்கிற எல்லா முகமும் பொருந்துகிறது.'"

எங்கேயும் இழுக்கவில்லை. தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது.

"சரியா இருக்கா மிஸ்?" என்றான்.

"சரியா இருக்குங்க சார். அனுப்பிட்டேன்."

"இன்னொரு செய்தி. அதே நம்பருக்கு." ஒரு லாரி கடந்து போகும்வரை பொறுத்திருந்தான். "ஃபாதர், இன்று நாலு மணிக்கு சர்ச் பக்கவாசலில் காத்திருப்பேன். எட்ஸெல்."

ரொவேனா தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். இது ஃபாதருக்கான செய்தி இல்லை. ஹாலில் யார் கேட்டாலும் அது புரியும். ஆனால் பதில் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. 'வரேன்' என்று சொன்னால் கடிதம் போயிற்று. இருப்பதை அப்படியே படித்தால், படித்தது ஆபரேட்டர் இருபத்திரண்டு, அவ்வளவுதான். தன் காதுக்கு வந்தது வெறும் வேலையா பதிலா என்று அவனுக்குத் தெரியாது. நாலு மணிக்கு வந்து நிற்பான். நாலு மணிக்கு அவள் இங்கே ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணக்கு முடிக்க வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். அவள் வருவதற்குள் அவன் போயிருப்பான். அதற்கப்புறம் எண்ணும் இல்லை, குரலும் இல்லை.

அவள் கை வைக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பலகையில் சுழி பளிச்சென்று தெரிந்தது. ரொவேனா மூச்சை இழுத்துவிட்டு, மளிகைச் சீட்டு வாசிக்கும் குரலில் படித்தாள்.

"'ஃபாதர், இன்று ஐந்து மணிக்கு சர்ச் பக்கவாசலில் காத்திருப்பேன். எட்ஸெல்.' சரிங்களா சார்?"

கோனி மேடத்தின் நாற்காலி கிறீச்சிட்டது. இரண்டு மாதமாக அவன் சொன்னதில் ஒரு கமாகூடப் பிசகாதவள். அது அவனுக்குத் தெரியும்.

"அஞ்சு," என்றான் எட்ஸெல். பிறகு அவன் குரல் கூரையைத் தொட்டது. "ஆமா மிஸ்! அஞ்சுதான்! அஞ்சு மணிதான் சரி! மாத்திடாதீங்க!"

"மாத்தல சார். அனுப்பிட்டேன். மாயா பேஜிங்கை அழைத்ததற்கு நன்றி."

லைனை விடுவித்தாள். திரும்பினாள். கோனி மேடம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நாலுன்னு சொன்னான்."

"ஆமா மேடம்."

"அஞ்சுன்னு படிச்ச."

"ஆமா மேடம்."

"காது அடைச்சிருக்கா?"

"இல்ல மேடம்." பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. அவளுக்கு அது வரவில்லை. "நல்லாவே கேட்டுச்சு."

கோனி மேடம் பலகைக்குப் போனார். மற்றப் பெண்கள் எல்லோரும் தங்கள் லைனில் இருந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தார்கள். சிவப்புப் பேனாவால் சுழியை அடித்து, பக்கத்தில் 'ஒன்று' என்று எழுதினார்.

சாயங்காலம் நாலரைக்கு, எல்லாக் கையெழுத்தும் முடிந்து, கடைசியாக மேடம் ஓர் உறையை நீட்டினார். உள்ளே கடிதம். *ஐந்து மாதப் பணியில் பிழை: ஒன்று. நடத்தை: மிக நன்று.*

"மேடம்..."

"அஞ்சு மாசத்துக்கு ஒரு பிழைகூட இல்லன்னு எழுதினா எந்த ஹோட்டல்காரன் நம்புவான்? கைக்காசு குடுத்து வாங்குன கடிதம்னு நெனப்பான்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. வாசல்லேயே நில்லு. ஃபாதர் இருக்கற எடத்த விட்டு எங்கேயும் போகாத. போடி, நேரமாச்சு. அந்தப் பையன் அஞ்சுன்னு கத்துனது இன்னும் காதுல ரீங்காரம் போடுது."

க்ளோ அக்கா தன் உதட்டுச் சாயத்தை அவள் பையில் திணித்தாள். "ரொம்பப் பூசிக்காத. அவன் காதாலதான் உன்னப் பாத்திருக்கான்."

கீழே இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட் மழை, சொல்லிவிட்டா வரும். ஜீப்னி ஊர்ந்து ஊர்ந்து போய் அவளைச் சான் இசித்ரோ சர்ச்சின் பக்கத் தெருவில் இறக்கிவிட்டபோது ஐந்தேகால். பக்கவாசலில் ஒரு தகரக் கூரை, அதன் அடியில் மீன் உருண்டை பொரித்து விற்கும் ஃபிஷ்பால் வண்டி. வண்டியைச் சுற்றி நாலு பையன்கள், நாலு பேருக்கும் கட்டம் போட்ட சட்டை, நாலு பேரும் நனைந்த கோழி. இதில் யார்?

ரொவேனா எதிர்ப்பக்க மருந்துக் கடை ஓரமாக நின்று கவனித்தாள். குடையோடு ஒரு பெண் நடந்து வந்தாள். நாலு பேரில் ஒல்லியாக, காது கொஞ்சம் பெரிதாக இருந்தவன் ஓடிப்போய், "எக்ஸ்க்யூஸ் மீ மிஸ், ஏதாவது பேசுங்களேன்" என்றான்.

"என்ன பேசணும்?"

"இல்ல, நீங்க இல்ல. மன்னிக்கணும்."

அந்தப் பெண் குடையை ஓங்கிவிட்டுப் போனாள். நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "டேய், இது ஒம்பதாவதுடா! பத்தாவது ஆள் கன்னத்துல போடப் போகுது!"

அடுத்து ஜெபத்துக்கு வந்த ஒரு வயதான கன்னியாஸ்திரியைப் பார்த்து அவன் தயங்கி, பிறகு அவரிடமும் போனான். "சிஸ்டர், ஒரு வார்த்த..." அவர் அவனை ஆசீர்வதித்துவிட்டு உள்ளே போனார்.

ரொவேனா இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருப்பாள். அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் பசித்தது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. தெருவைத் தாண்டி, பையன்களுக்குப் பின்பக்கமாக வந்து, வண்டிக்காரரிடம் கையை நீட்டினாள்.

"அண்ணே, அஞ்சு ஃபிஷ்பால். இனிப்புச் சட்னி வேணாம், காரம் மட்டும்."

காது பெரிதான பையனின் கையிலிருந்த குச்சி நழுவிச் சட்னிக் குவளைக்குள் விழுந்தது. அவன் திரும்பவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது. மற்ற மூவரும் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அஞ்சு," என்றான், முன்னால் பார்த்தபடியே. "மறுபடியும் அஞ்சு."

"நாலு போதாது," என்றாள் ரொவேனா.

அப்போதுதான் திரும்பினான். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். அத்தனை வரி எழுதியவனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

"ஏதாவது பேசுங்களேன்," என்றாள் அவள்.

நண்பர்கள் ஊளையிட்டார்கள். பாடகன், அதாவது மீன்கார அம்மாளின் மகன், "அய்யோ, எங்க அம்மா உங்களப் பாத்தா உங்க காலைத் தொட்டு மன்னிப்புக் கேப்பாங்க" என்றான்.

"உங்க அப்பா நல்லா இருக்காரா?"

"இப்ப அவரே அந்தப் பாட்டப் பாடிக்கிட்டுத் திரியறாரு. அம்மாவப் பாத்து."

அந்தச் சிரிப்புக்கு நடுவில் பக்கவாசல் கதவு திறந்தது. பெரிய கறுப்புக் குடையும், தோளில் ஊதா நிறப் பட்டையுமாக ஃபாதர் பெனிக்னோ வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூச்சு வாங்கினார்.

"எட்ஸெல், மன்னிச்சிடுப்பா, ஒரு ஞானஸ்நானம், தாமதமாயிடுச்சு. அஞ்சு மணிக்குக் காத்திருப்பேன்னு செய்தி பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மூணு வருஷமா பாவசங்கீர்த்தனத்துக்கு வராதவன்! வா, உள்ள போகலாம்."

எட்ஸெல் ஃபாதரைப் பார்த்தான், ரொவேனாவைப் பார்த்தான், மழையைப் பார்த்தான்.

"ஃபாதர், அது வந்து... செய்தி உங்களுக்குத்தான், ஆனா..."

"ஆனா?"

"படிச்சுக் காட்டறவங்களுக்கு."

ஃபாதர் பாவசங்கீர்த்தனத்துக்கான ஊதாப் பட்டையை மெதுவாகக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு பேரு என்ன?"

எட்ஸெலின் முகம் வெளிறியது. இரண்டு மாதமாகக் காது தீட்டிக் கேட்டவனுக்கு அது மட்டும் தெரியாது.

"ரொவேனா, ஃபாதர்," என்றாள் அவள். "வீட்டுல வெங்."

"வெங்," என்றான் எட்ஸெல், வாயில் வைத்துப் பார்ப்பதுபோல. "வெங். நல்லா இருக்கு. உங்க நம்பர் குடுங்க, நாளைக்குப் போட்டி முடிஞ்சதும் கூப்பிடறேன்."

"போர்டிங் ஹவுஸ்ல போன் கிடையாது."

"பேஜர்?"

"ஆபரேட்டருக்கு யாரு பேஜர் வாங்கித் தருவா?"

"அப்போ உங்ககிட்ட எப்படிப் பேசறது?"

ரொவேனா ஒரு ஃபிஷ்பாலைக் காரத்தில் தோய்த்து வாயில் போட்டு, அவசரமே இல்லாமல் மென்று முடித்தாள்.

"நேர்லதான் வரணும்," என்றாள். "திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் காலேஜ் வாசல். எங்க காலேஜ் எதுன்னு கேக்க மாட்டீங்களா?"

அவன் கேட்பதற்குள் ஃபாதர் குச்சியை நீட்டி அவள் தட்டிலிருந்து ஒன்றைக் குத்தி எடுத்துக்கொண்டார். "கேளுடா," என்றார், வாயில் ஆவி பறக்க. "மழ விடறதுக்குள்ள கேளு."